ஏழு வெறும் ரியூப்

கார்த்திகை பிறந்தால் எங்கள் கடையில்
இருமல் பாணியை முந்தி விற்பது
அந்த வெள்ளை ரியூப்.
இரண்டாம் தட்டு, வலது மூலை.
கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பேன்.

உள்துறைமுக வீதியில் தண்ணீர் நிற்கும்.
சாறம் காயாது, துவாய் காயாது.
மீன்சந்தைக்காரரின் விரலிடுக்கெல்லாம்
அவித்த கணவாய் போல வெளுத்து ஊறியிருக்கும்.
ஆஸ்பத்திரி வரிசைக்கு ஒரு நாட்கூலியைக் கொடுக்க
ஆருக்கும் மனம் வராது.
"தம்பி, கடி தாங்கேலாது" என்பார்கள்.
கொடுப்பேன்.
மருந்தாளர் நானில்லை. அவரின் சான்றிதழ்
சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது.
அவர் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வருவார்.

லோகநாயகி இறால் உரிப்பவள்.
முதல்முறை வந்தபோது இடுப்பில்
குற்றிக்காசளவு ஒரு வட்டம்,
விளிம்பு சிவந்து, நடு வெளுத்து.
படர்தாமரை என்று பெயர் வைத்தவன்
அதைச் சொறிந்து பார்த்திருக்க மாட்டான்.
மூன்று நாளில் சிவப்புப் போய்விட்டது.
நாலாம் நாள் ஒரு பை இறாலோடு வந்து
"கைராசிக்காரன்" என்றாள்.
அன்றிரவே பொரித்துத் தின்றேன்.

பிறகு இரண்டாவது ரியூப். மூன்றாவது.
பொங்கலுக்கு முதல் நாள் ஐந்தாவது.
வட்டம் இப்ப வட்டமாயில்லை என்றாள்.
விளிம்பைக் காணவில்லை.
தொடை, முதுகு, மகளின் கழுத்து,
கிளிவெட்டியிலிருந்து வந்து நின்ற மச்சாளின் கை.
எல்லாருக்கும் ஒரே துவாய்.
பூசிய இடத்தில் தோல் மெலிந்து
முட்டைக்கோதின் உள்தோல் போல மினுங்கியது.
நான் ஆறாவதைக் கொடுத்தேன்.
ஏழாவதையும்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள்,
பற்பசை போல அடிவரை சுருட்டிய
ஏழு வெறும் ரியூப்.
காசைத் திருப்பிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
தோல் கிளினிக் துண்டை நீட்டினாள்.

"நிஹாரா டொக்டர் பிளேட்டால சுரண்டினவ.
ஏதோ சொட்டு விட்டு, குழாய்க்குள்ளால பாக்கச் சொன்னவ.
வலை, தம்பி. நாள் முழுக்க நான் பாக்கிற வலை.
என்ர தோலுக்குள்ள ஆரோ போட்டுட்டுப் போயிருக்கினம்."

சிரித்தாள். சிரிப்பு அடங்க முதல் சொன்னாள்:
"சிவக்கிறது, தடிக்கிறது, கடிக்கிறது எல்லாம்
உடம்புக்குள்ள நாய் குரைக்கிறதாம்.
நீ நாய்க்கு நித்திரைக் குளிசை குடுத்திட்டியாம்.
கள்ளன் ஆறுதலா வீடு முழுக்க நடந்திருக்கிறான்."

டொக்டர் இப்படித்தான் சொன்னாவா,
இவள் வழியில் கட்டினாளா, தெரியாது.

துண்டில் இருந்தது:
பங்கசுக்குக் குளிசை, ஆறு கிழமை.
பூச வேறு மருந்து, தழும்புக்கு வெளியே
இரண்டு விரலகலம் வரைக்கும்.
கடி நின்றாலும் நிறுத்த வேண்டாம். கீழே இரண்டு கோடு.
வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக வைத்தியம்.
வேறு வேறு துவாய். உடுப்பு சுடுதண்ணியில்.
"சுடுதண்ணிக்கு என்ன, கன்னியாவுக்கோ போறது?" என்றாள்,
காஸ் விலையை நினைத்து.

குளிசையைப் பதினாலு பதினாலாக எண்ணினேன்.
விலை கேட்டு, பாதி போதும் என்றாள்,
மீதி சம்பளத்துக்குப் பிறகு.
மீதியையும் பைக்குள் போட்டு
கடன் கொப்பியில் என் பெயரை எழுதினேன்.
கவனித்தாளோ தெரியாது.
ரியூப்களை விட்டுவிட்டுப் போனாள்.

வெளியே மான் ஒன்று
எங்கள் படியோரம் நிழலுக்கு ஒதுங்கி
பின்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

ஐஸ் கொம்பனிப் பெடியன் வந்தான்.
"அண்ணை, அந்த வெள்ளை ரியூப்."
எனக்கு முன்னால் என் கை
இரண்டாம் தட்டுக்குப் போய்விட்டது.
"துண்டு இருக்கா?"
"இதுக்கென்ன துண்டு?"
"எங்க கடிக்குது, காட்டு."
மேசையில் கிடந்த ஏழையும் பார்த்தான்.
என்னையும் பார்த்தான்.
சைக்கிளைத் திருப்பினான்.

அடுத்த கடையில் வாங்குவான்.
அங்கேயும் இரண்டாம் தட்டுத்தான்.